ஸ்டிக்கர் ஒரு மணி நேரம், பசை மூன்று நாள்

பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினேன். முந்தைய உரிமையாளர் வைத்த பெயரும் சிவப்புக் கோடுகளும் இரண்டு பக்கமும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தன. உரித்துப் போட்டால் தீர்ந்தது என்றுதான் உட்கார்ந்தேன்.

பல வருஷம் வெயிலில் காய்ந்த வினைல் ஸ்டிக்கர் முழுசாக வராது. நகத்தால் கிளப்பினால் ஒரு துணுக்கு உடைந்து வரும், அவ்வளவுதான். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பிடித்தேன். ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது போல, ஃபைபர் மேலிருக்கும் பளபளப்புப் பூச்சான ஜெல்கோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. அந்தப் பூச்சின் கனமே சுமார் அரை மில்லிமீட்டர்தான். அப்புறம் தலைமுடி காயவைக்கும் டிரையருக்கு மாறினேன். கை பொறுக்கும் சூடு போதும், பசை இளகிவிடுகிறது. பிளாஸ்டிக் சுரண்டியால் ஓரத்தைக் கிளப்பி, முனையைப் பின்பக்கமாக மடக்கி, படகோடு படிந்தாற்போல மெதுவாக இழுத்தேன். பெயரின் கடைசி எழுத்து மட்டும் கிழியாமல் வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்காதீர்கள்.

மிச்சப் பசைக்குச் சோப்புத் தண்ணீர் வீண். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்தேன். அதன்பின் விரலால் தேய்த்தாலே பசை திரிதிரியாக உருண்டு வந்தது. அசிட்டோனும் கரைக்கும், ஆனால் கரைப்பதற்குள் பாதி ஆவியாகிவிடும். அந்த ஆவி சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது, ஹீட் கன்னையும் அதையும் ஒரே நேரத்தில் கையில் எடுக்காதீர்கள்.

—

அசிட்டோன் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். என்னுடையது பெயின்ட் அடித்த படகு. நாலு தேய்ப்பில் துணி நீலமானது. பசை அப்படியே இருந்தது, பெயின்ட் போய்விட்டது! கண்ணில் படாத மூலையில் முதலில் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

—

டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரத்தை யாரும் சொல்லவில்லையே? ஃபைபர் படகுக்கு எனக்குப் பிடித்தது அதுதான். வேகத்தைக் கூட்டினால் சூடேறிப் பசையை இழுத்து அப்பிவிடும். மெதுவாக ஓட்டி, நகர்த்திக்கொண்டே இருந்தால் அழிப்பான் மாதிரி வேலை செய்யும். சுற்றிலும் கறுப்புத் தூள் பறக்கும், பழைய சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

—

எல்லாம் போன பிறகும் என் படகில் பழைய பெயரைப் படிக்க முடிந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாத ஜெல்கோட் பளிச்சென்று இருக்க, சுற்றிலும் வெளுத்திருந்தது. காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டு இரண்டு தடவை பாலிஷ் செய்து மெழுகு பூசினேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெயிலில் இன்னும் நிழலாக எழும்புகிறது. கடைசியில் அதன் மேலேயே அகலமான கோடு ஒட்டினேன். ஒட்டுமுன் மெழுகை எடுக்காமல், ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்காமல் விட்டதில் ஒரு வாரத்திலேயே மூலை கிளம்பிவிட்டது. மறுபடி டிரையரை எடுத்தேன்.