யானையும் சிப்பாயும் கையில், கடைசியில் டிரா. எங்கே கோட்டை விட்டேன்?

பாளை சிப்பாய்:
நமக்குப் பாளையங்கோட்டை. மகனைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் 40 வயதுக்கு மேல் எனக்கும் செஸ் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. போன ஞாயிறு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனோடு ஆட்டம். எனக்கு வெள்ளை. ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, யானை எஃப்1 (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). அவனுக்கு ராஜா ஈ7, யானை எச்2, அவ்வளவுதான். நகர்த்த வேண்டியது நான். ஜெயித்தாச்சு என்று நினைத்து ஈ1ல் செக் கொடுத்தேன், அவன் ராஜா டி7க்குப் போனது, உடனே என் ராஜாவை எஃப்7க்கு வெளியே எடுத்தேன். அங்கே பிடித்தது சனி. செக் மேல் செக். ஜி6, எஃப்6, ஜி5 என்று இறங்கி எஃப்4க்கு வந்ததும் ஜி7 சிப்பாயை அவன் யானை வெட்டிவிட்டது. டிரா. பையன் சிரிக்கக்கூட இல்லை, அதுதான் கூடுதல் அவமானம். இது உண்மையிலேயே ஜெயிக்கிற நிலைதானா?

அம்பை யானை:
ஜெயிக்கிற நிலையேதான் அண்ணாச்சி. ஈ1 செக் வரைக்கும் சரி. அதற்கு அடுத்து ராஜாவைத் தொடவே கூடாது, யானையை ஈ4ல் நிறுத்தணும். பார்க்க வெட்டி நகர்த்தல் மாதிரி இருக்கும். அவன் யானையை எச்1 என்று எங்காவது நகர்த்துவான். இப்போது உங்கள் ராஜா எஃப்7. அவன் யானை எஃப்1ல் செக், உங்கள் ராஜா ஜி6. ஜி1ல் செக், எஃப்6. எஃப்1ல் செக், ஜி5. ஜி1ல் மறுபடி செக் கொடுத்தால் உங்கள் யானை ஜி4க்கு வந்து மறைத்துவிடும், செக் தீர்ந்தது, சிப்பாய் ராணி. ஒருவேளை முதல் செக்குக்கே அவன் ராஜா எஃப்6க்கு வந்தால் இன்னும் சுலபம், உங்கள் ராஜா எஃப்8க்குப் போய்விடும்.

இதைப் பாலம் கட்டுவது என்பார்கள். லூசேனா நிலை என்று பெயர், ஆனால் ஸ்பெயின்காரர் லூசேனாவின் 1497ம் வருஷச் செஸ் புத்தகத்தில் இந்த நிலையே கிடையாது, 1634ல் இத்தாலிக்காரர் சால்வியோ எழுதியதில்தான் இருக்கிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பாளையங்கோட்டைக்காரருக்குப் பாலம் கட்டத் தெரியாதா! 1843ல் சுலோச்சன முதலியார் கைக்காசைப் போட்டுத் தாமிரபரணி ஆற்றுக்கு மேல் கட்டினார், உங்களுக்கு யானையை நாலாம் வரிசைக்கு ஏற்றினால் போதும்.

தென்காசிச் சாரல்:
பாலமெல்லாம் சரி, அந்த நிலை வரைக்கும் பையன் உங்களை ஏன் வரவிட்டான் என்று யோசித்தீர்களா? சிப்பாய் ஜி5ல் நிற்கும்போதே அவன் ராஜா சிப்பாய்க்கு நேர் எதிரே நின்று, யானை ஆறாம் வரிசையை மறித்திருந்தால் உங்கள் ராஜா ஏறியிருக்கவே முடியாது. சிப்பாய் ஜி6க்கு வந்தவுடன் யானையைக் கீழே முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்கணும். ஒளிய இடமில்லை, சிப்பாயே அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777லேயே எழுதி வைத்தது. நாளைக்கு நீங்களும் ஒரு சிப்பாய் குறைவாக உட்காரத்தான் போகிறீர்கள், அதனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கணும்.

அப்புறம் ஒன்று, யானைக்கு யானை வெட்டி மாற்றுமுன் மிச்சமிருக்கும் சிப்பாய் ஆட்டத்தை எண்ணிப் பார்க்கிற பழக்கம் வேணும். உலக சாம்பியனே அதில் விழுந்தார். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டம். அப்போதைய சாம்பியன் டிங் லிரன் 55வது நகர்த்தலில் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். குகேஷ் அதை வெட்டிவிட்டு பிஷப்பை டி5ல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில், ஓட இடம் ஏது? அதுவும் மாறிப்போய் குகேஷின் இரண்டு சிப்பாய்க்கு எதிராக டிங்குக்கு ஒன்று. 58 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. அதுவரைக்கும் டிரா என்றே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், நான் டீ போடப் போய்விட்டேன்.

பாளை சிப்பாய்:
ஈ4! அந்தக் கட்டத்தை நான் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நேற்று ராத்திரி மகனை எதிரே உட்காரவைத்து ஆறு தடவை பாலம் கட்டினேன், இரண்டு தடவை ஜி5க்குப் பதில் ஈ5க்குப் போய்ச் சிப்பாயைப் பறிகொடுத்தேன். ஒரு சந்தேகம், சிப்பாய் ஏ வரிசையில் இருந்தால் இதே வேலை நடக்குமா?

அம்பை யானை:
நடக்காது. ஓரச் சிப்பாய்க்கு முன்னால் ராஜா மாட்டிக்கொண்டால் வெளியே வர ஒரே பக்கம்தான், பி வரிசையில் அவன் யானை காவல் நிற்கும். அவன் ராஜா ரொம்பத் தள்ளி இருந்தால் மட்டுமே ஜெயிக்கலாம், பக்கத்தில் நின்றால் டிராதான். அதைத் தனி இழையாகப் போடுங்கள், இங்கே எழுதினால் நீளும். ஏ7ல் சிப்பாய், ஏ8ல் ராஜா வைத்து மகனோடு முதலில் ஆடிப் பாருங்கள்.