டவர் இல்லாத ஏர்போர்ட்டில் பேட்டர்ன்: ரேடியோவும் ஐபேடும் போதுமா?

கோவில்பட்டியான்

வணக்கம். சான் ஹோசேயில் வேலை. ரீட்-ஹில்வியூ ஏர்போர்ட்டில் செஸ்னா 172-இல் பைலட் பயிற்சி. சோலோ (இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது) முடிந்துவிட்டது. அடுத்து வாட்சன்வில்லுக்குத் தனியாகப் போய் வரவேண்டும் என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை நான் இறங்கியதெல்லாம் கன்ட்ரோல் டவர் உள்ள இடங்களில். யார் பின்னால் வரவேண்டும், எப்போது திரும்பவேண்டும் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். வாட்சன்வில்லில் டவர் கிடையாது. எல்லோரும் ஒரே அலைவரிசையில் அவரவர் இடத்தை அவரவரே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

2022-இல் அங்கே நடந்த மோதல் பற்றிப் படித்திருக்கிறேன். போதாததற்கு 2025 ஜூலையில் கனடாவின் மானிடோபாவில் இரண்டு பயிற்சி விமானங்கள் மோதி, ஓட்டிய இருவரும் இறந்தார்கள். ஒருவர் கேரளத்துப் பையன். அதிலிருந்து அம்மா போனை எடுத்தாலே "அந்தப் பிளேனை விட்டுட்டியா இல்லையா" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

ரேடியோவில் ஒழுங்காகச் சொல்லி, ஐபேடில் ஏடிஎஸ்-பி (விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி) காட்டும் ட்ராஃபிக்கையும் பார்த்துக்கொண்டே போனால் போதாதா? இன்ஸ்ட்ரக்டர் "கண்ணை வெளியே வை" என்கிறார். வெளியேதான் பார்க்கிறேன். ஐபேட் காட்டும் விமானம் பாதி நேரம் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது.

மேசா இன்ஸ்ட்ரக்டர்

தம்பி, நான் அரிசோனாவில் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் படித்த அந்த வாட்சன்வில் மோதலையே எடுத்துக்கொள்வோம்.

2022 ஆகஸ்ட் 18. ஒரு செஸ்னா 152 ரன்வே 20-க்குப் பேட்டர்னில், அதாவது இறங்குவதற்காகச் சுற்றிவரும் செவ்வகப் பாதையில், சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட், அங்கிருந்து குறுக்கே திரும்புவது பேஸ், ரன்வேயை நோக்கி நேராக இறங்குவது ஃபைனல். இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று, நேராக ஃபைனலுக்கு வருவதாகப் பத்து மைலில் இருந்தே சொல்லிவிட்டது. மூன்று மைலில் மறுபடி சொன்னது. 152 பேஸில் இருப்பதைச் சொன்னது. ஒரு மைலில் 340, பேஸில் இருப்பவரைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. கடைசியில் 152-இல் இருந்தவர், நீங்கள் ரொம்ப வேகமாக வருகிறீர்கள், நான் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) போகிறேன் என்றும் சொன்னார். இறந்தது மூன்று பேர். ரேடியோ போதுமா என்று கேட்டீர்களே, அன்றைக்கு இரண்டு பேருமே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

340 வந்த வேகம் சுமார் 180 நாட், அதாவது மணிக்கு 180 கடல் மைல். அந்த வேகத்தில் மூன்று மைல் என்பது ஒரே ஒரு நிமிடம். அதே மூன்று மைலுக்கு உங்கள் 172 ஃபைனலில் இரண்டரை நிமிடம் எடுக்கும். மாணவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "மூன்று மைல்" என்று காதில் விழுந்ததும், தன் விமானத்தின் வேகத்தை வைத்து மனது கணக்குப் போட்டுவிடுகிறது. ஓ, நிறைய நேரம் இருக்கிறது என்று பேஸ் திரும்பிவிடுகிறோம்.

இன்னும் கொஞ்சம் கணக்கு. 152 ஃபைனலில் 60 நாட் போகிறது என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 120 நாட், அதாவது வினாடிக்கு 60 மீட்டருக்கு மேல். ஒரு விமானம் கண்ணில் பட்டு, அது மோதும் பாதையில் இருக்கிறது என்று உறைத்து, முடிவெடுத்து, கை நகர்ந்து, நம் விமானமும் நகர ஆரம்பிக்க 12.5 வினாடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏவின் கையேடே சொல்கிறது. ஆக 750 மீட்டருக்கு அப்பாலேயே பார்த்திருக்கவேண்டும். அந்தத் தூரத்தில் 340-இன் இறக்கை முனைக்கு முனை, நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. அதுவும் 152-க்குப் பின்பக்கம். 340-இல் இருந்து பார்த்தால், கீழே வீடும் வயலுமாகக் கிடக்கும் நிலத்தின் மேல் ஒரு சின்ன விமானம். இரண்டு பேருக்குமே கஷ்டம்.

அதனால் என் மாணவர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். நேர் ஃபைனலில் ஒருவர் வருவதாகக் கேட்டால், அவரைக் கண்ணால் பார்க்கிற வரை பேஸ் திரும்பக்கூடாது. டவுன்விண்டை நீட்டு. விமானத்தின் பெயரையும் கவனி. பொனான்ஸா, கிங் ஏர், சைட்டேஷன் என்று வேகமான விமானத்தின் பெயர் கேட்டால் அவர் சொல்லும் மைலை உன் மைலாக நினைக்காதே. உயரத்தில் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை என்று சட்டம் இருக்கிறது. அதை வைத்துக் குறுக்கே புகக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எஃப்ஏஏ நேர் ஃபைனலைத் தடை செய்யவில்லை, பேட்டர்னில் இருப்பவர்களைக் கலைக்காமல் வா என்று மட்டும் சொல்கிறது. வாட்சன்வில்லில் 340-இன் பைலட் மற்றதைப் பார்த்து விலகாததே காரணம் என்று விபத்துகளை விசாரிக்கும் என்டிஎஸ்பி முடிவு செய்தது. சரியான முடிவுதான். 152-இல் இருந்தவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

ரேடியோ கால் என்பது மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் அடிக்கும் ஹாரன். அடிக்கத்தான் வேண்டும். எதிரே வருகிறவர் கேட்டாரா, கேட்டு ஒதுங்கினாரா என்பது வேறு விஷயம்.

ஐபேடுக்கு வருவோம். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் ஏடிஎஸ்-பி கட்டாயம் என்றாலும், அது பெரிய ஏர்போர்ட்களைச் சுற்றியும் 10,000 அடிக்கு மேலும்தான். சின்ன ஏர்போர்ட் பலவற்றில் அது இல்லாமலே பறக்கலாம். ஐபேடில் காலியாக இருக்கும் இடம் வானத்திலும் காலி என்று அர்த்தமில்லை. பத்து மைல் தள்ளி இருக்கும்போது யார் யார் இருக்கிறார்கள் என்று ஐபேடில் பாருங்கள், பேட்டர்னுக்குள் வந்ததும் அதை மறந்துவிடுங்கள்.

கண்ணில் படவில்லை என்பதற்கு ஒரு காரணம், நீங்கள் தலையை நிற்காமல் திருப்புவதாக இருக்கலாம். நகரும் கண் எதையும் பிடிக்காது. பத்து டிகிரி திரும்பி ஒரு வினாடி நிறுத்துங்கள், அடுத்த பத்து டிகிரி, மறுபடி நிறுத்துங்கள். கண்ணாடியில் நகர்ந்துகொண்டே போகும் விமானத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே இடத்தில் அசையாமல் நின்று பெரிதாகிறதே, அதுதான் உங்களை நோக்கி வருவது. அசையாததாலேயே கண் அதை விட்டுவிடும். அப்புறம் 172-க்கு இறக்கை மேலே. இடப்பக்கம் திரும்பினால் திரும்புகிற பக்கத்தையே இறக்கை மறைத்துவிடும். திரும்பும் முன் அந்த இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. டவர் இருந்தால் பயமில்லை என்று நினைக்கிறீர்கள் போலத் தெரிகிறது. உங்கள் ரீட்-ஹில்வியூவில் இரண்டு இணை ரன்வே. 2021 மே 12-இல் டென்வர் பக்கம் சென்டெனியலிலும் இணை ரன்வே, டவரும் உண்டு. சிர்ரஸ் என்ற சின்ன விமானம் ஒன்று தன் ஃபைனலைத் தாண்டிப் பக்கத்து ரன்வேயின் ஃபைனலுக்குள் போய், மெட்ரோலைனர் என்ற இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றின் முதுகைக் கிழித்தது. சிர்ரஸ் விமானத்துக்கென்றே உள்ள பாராசூட்டில் இறங்கியது, மெட்ரோலைனரும் தரையிறங்கியது, ஒருவருக்கும் காயமில்லை. அடுத்த வருடம் ஜூலையில் நார்த் லாஸ் வேகாஸில் ஏறக்குறைய இதே மாதிரி நடந்தபோது நான்கு பேரும் போய்விட்டார்கள். பேஸில் இருந்து ஃபைனல் திரும்புவதில் நீங்கள் எவ்வளவு சுத்தம் என்று உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் கேளுங்கள். வாட்சன்வில்லை விட எனக்கு அதில்தான் கவலை.

யாரா பைலட்

மெல்பர்னில் இருந்து எழுதுகிறேன். மேசா அண்ணன் சொன்னதில் பாதி சரி. ஐபேடை மறந்துவிடு என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2020 பிப்ரவரி 19-இல் இங்கே விக்டோரியாவில் மாங்களூர் ஏர்போர்ட் பக்கத்தில் இரண்டு இரட்டை எஞ்சின் பயிற்சி விமானங்கள் மோதின. (நம்ம ஊர் மங்களூர் இல்லை.) ஒன்று கிளம்பி ஏறிக்கொண்டிருந்தது, இன்னொன்று இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு பேர் பலி. கன்ட்ரோலர் இருவருக்குமே மற்றவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். சொல்லியும் நடந்தது. அதற்குப் பிறகுதான் இங்கே சின்ன விமானங்கள் ஏடிஎஸ்-பி கருவி வாங்க அரசாங்கம் பாதிச் செலவைத் தர ஆரம்பித்தது, 5,000 டாலர் வரை. கண்ணே போதும் என்றால் அந்தப் பணம் எதற்கு?

கோவில்பட்டி தம்பி, திரையைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். ட்ராஃபிக் எச்சரிக்கையை ஹெட்செட்டில் வரும்படி வைத்துக்கொண்டால் கண் வெளியேதான் இருக்கும்.

மேசா இன்ஸ்ட்ரக்டர்

ஹெட்செட் யோசனை நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்து விமானம் சுற்றும் பேட்டர்னில் அது ஓயாமல் கத்தும். கொஞ்ச நேரத்தில் மாணவன் அதைக் காதில் வாங்குவதையே விட்டுவிடுவான்.

டெயில்வீல் மாமா

நாங்கள் பறக்கும் பழைய பைப்பர் கப்பில் மின்சாரமே கிடையாது. ஏடிஎஸ்-பி இல்லை, விளக்கு இல்லை. கையில் பிடிக்கும் ரேடியோ ஒன்று. எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்காது. டவர் இல்லாத இடத்தில் இதெல்லாம் சட்டப்படி சரி. எங்களை நீங்கள் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும், மன்னிக்கவும்.

இன்னொன்று. "ஏரியாவில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று ரேடியோவில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கவேண்டாம் என்று எஃப்ஏஏவே எழுதி வைத்திருக்கிறது. ஆறு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, ஒருவர் பேச்சும் புரியாது. ஊர்ப் பெயரை முதலிலும் கடைசியிலும் சொல்லுங்கள். ஒரே அலைவரிசையைப் பல ஏர்போர்ட்கள் பகிர்ந்துகொள்கின்றன.

கோவில்பட்டியான்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முதலில் இன்ஸ்ட்ரக்டரோடு ஒருமுறை போய் வரலாம் என்று கேட்டிருக்கிறேன். மேசா அண்ணா, ஒரு சந்தேகம். வாட்சன்வில்லில் காலையில் கடல் மேகம் இருக்கும். கலைந்த பிறகு போனால் பிரச்சினை இல்லைதானே?

மேசா இன்ஸ்ட்ரக்டர்

மேகம் கலைந்ததும் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி வருவார்கள். அதனால் கலைந்த உடனே போகாமல் கொஞ்சம் பொறுத்துப் போங்கள்.

அதை விட முக்கியம், இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சிக்கு (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் பயிற்சி) வருபவர்கள். எங்கள் பக்கம் காசா கிராண்டேயில் இது தினசரி தலைவலி. எல்லோரும் ரன்வே 23-இல் இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஐஎல்எஸ் (மேகத்திலும் ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ வசதி) இருப்பது அதே ரன்வேயின் மறுமுனையான ரன்வே 5-க்கு என்பதால், பயிற்சிக்கு வருபவர் எதிர்ப்பக்கம் இருந்து நேராக வருவார். அப்ரோச் சார்ட்டில் (கருவி வழியாக இறங்குவதற்கான வரைபடம்) உள்ள ஏதோ ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி, அதைத் தாண்டிவிட்டேன் என்பார். உங்களைப் போன்ற மாணவருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வெட்கப்படாமல் உடனே கேளுங்கள்: ஏர்போர்ட்டில் இருந்து எத்தனை மைல், எந்தத் திசை, என்ன உயரம், இறங்குகிறீர்களா அல்லது விலகிப் போகிறீர்களா. பதில் வரும் வரை டவுன்விண்டிலேயே இருங்கள்.