98 ஊத்தினா வால்வ் சீட் மாத்த வேணாமா? (63 மினி, பேங்காக் ஓட்டம்)

ஸ்பேனர்_செல்வம் (இரவு 9:12)
நேத்து வாட்ஸப் குரூப்புல ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாரு. டயாலிசிஸ் நிதிக்காக சிங்கப்பூர்லேர்ந்து பேங்காக் போற 1963 மினி காருக்கு ஹெட்டே (சிலிண்டருக்கு மேல வால்வ் உக்காந்திருக்கற பாகம்) கழட்ட வேணாமாம், வால்வ் வந்து மூடுற சீட்டை கெட்டியான வளையமா மாத்த வேணாமாம், 98 பெட்ரோல் ஊத்தினா போதுமாம், "ஹார்டன்ட் சீட் எல்லாம் மெக்கானிக் காசு பாக்குற வேலை"யாம். கேட்டதுலேர்ந்து மனசே ஆறல. 1979லேர்ந்து மினில வர்ற இந்த ஏ சீரிஸ் இஞ்சினை கழட்டி மாட்டிட்டு இருக்கேன், நான் யார் காசை பாத்தேன்?

98ங்கறது ஆக்டேன். இஞ்சின் நாக் அடிக்காம, அதாவது பெட்ரோல் கண்டபடி வெடிச்சு தட்டாம இருக்கறதுக்கு. 848 சிசி மினிக்கு கம்ப்ரஷன் (சிலிண்டர்ல பெட்ரோல் காத்த அமுக்கற அளவு) 8.3க்கு 1தான், அதுக்கு 95ஏ தாராளம். வால்வ் சீட்ட காப்பாத்துனது ஆக்டேன் இல்ல, பெட்ரோல்ல இருந்த ஈயம். அது எரிஞ்சு சீட்டு மேல மெல்லிசா படிஞ்சிருக்கும், சூடான எக்ஸாஸ்ட் வால்வ் வந்து தட்டுறப்ப இரும்போட இரும்பு ஒட்டாம தடுக்கும். அந்த படிவு இல்லன்னா ஒவ்வொரு தட்டுலயும் கொஞ்சம் ஒட்டி கொஞ்சம் பிச்சுக்கிட்டு வரும், வால்வ் ஹெட்டுக்குள்ள எறங்கிட்டே போகும். நம்மூர்ல ஈயம் போட்ட எண்ணெய 1998 ஜூலையோட நிறுத்தியாச்சு. அந்த ஹெட்டு வார்ப்பிரும்பு, சீட்டும் அதே இரும்புலயே வெட்டினது. 98 ஊத்தினாலும் 108 ஊத்தினாலும் எறங்கத்தான் செய்யும்.

உட்லண்ட்ஸ்_மினி (இரவு 9:31)
அந்த "ஒருத்தர்" நான்தான். அண்ணே, பேரு சொல்லாம ஊரு பூரா சொல்லிட்டீங்க. நேரா எனக்கே ஒரு கால் பண்ணிருக்கலாம்.

இது எங்கப்பா வண்டி. 1998க்கு அப்புறமும் அப்பா ஓட்டினார், இப்ப நான் ஓட்டறேன், எப்பவும் 98தான். இது வரைக்கும் வால்வ் எறங்கல. காலைல ஒரு இழுப்புல ஸ்டார்ட் ஆகுது. எறங்கத்தான் செய்யும்னா எப்ப அண்ணே எறங்கும், என் பேரன் காலத்துலயா?

ஸ்பேனர்_செல்வம் (இரவு 9:48)
உன் வண்டி பழைய வண்டிங்களுக்கான கிளாசிக் ஸ்கீம்ல இருக்கு தம்பி, வருஷத்துக்கு 45 நாள்தான் ரோட்டுக்கே வரும். அந்த 45லயும் ஈஸ்ட் கோஸ்ட் போய் நாசி லெமாக் சாப்ட்டுட்டு 50ல திரும்பி வர்ற. அதுல எங்க எறங்கும்? அப்பா ஓட்டினப்ப பழைய ஈயம் சீட்டு மேல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அது கொஞ்ச காலம் தாங்கும், அதுக்கப்புறம் ஒன்னும் இல்ல.

இப்ப நீ போறது போக வர கிட்டத்தட்ட 4000 கிலோமீட்டர். வடக்கு தெற்கு ஹைவேல 90ல புடிச்சா இந்த குட்டி இஞ்சின் நிமிஷத்துக்கு 3700 தடவைக்கு மேல சுத்தும், மணிக்கணக்கா. வால்வ் சீட்ட கொல்றது தூரம் கூட இல்ல, அந்த விடாத சூடும் ஸ்பீடும்தான். நடுவுல ரெண்டு சிலிண்டருக்கு ஒரே எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளிய போற வழி), சூடு அங்கதான் ஜாஸ்தி, அங்கதான் மொதல்ல போகும்.

பிடோக்_அக்கா (இரவு 10:02)
ஒரு விஷயம் கேக்கறேன் யாரும் கோவிச்சுக்காதீங்க. சீட் வேலைக்கு 600 வெள்ளி (டாலர்)னு செல்வம் அண்ணன் சொன்னாரு. அந்த 600 வெள்ளி டயாலிசிஸ் பண்றவங்களுக்குத்தான போகணும்? என் ஆபீஸ்ல ஒவ்வொரு டேபிளா நின்னு அஞ்சு வெள்ளி பத்து வெள்ளின்னு வாங்கிருக்கேன். வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல நாலு மணி நேரம் படுக்கறவங்க பேரை சொல்லித்தான் வாங்கினேன். வால்வ் சீட்டுக்குன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கல.

உட்லண்ட்ஸ்_மினி (இரவு 10:05)
அதான்கா நானும் சொல்றேன். 98 போதும்.

ஸ்பேனர்_செல்வம் (இரவு 10:11)
98 போதாது. வண்டி செலவு வேற நிதி வேற, அந்த காசுலேர்ந்து ஒரு வெள்ளி எடுக்க சொல்லி நான் எப்பவாச்சும் சொன்னேனா? என் கூலியே வேணாம்னு போன மாசமே சொல்லிட்டேன், மெஷின் ஷாப்புக்கு மட்டும்தான் 600. அத அக்காகிட்ட யாரும் சொல்லல போல.

ஒரிஜினல்_மட்டும் (இரவு 10:20)
சீட் மாத்தறது ஆபத்துன்னு யாரும் பேசவே இல்லயே. ஹெட்டுல பள்ளம் தோண்டி வளையத்தை அடிச்சு எறக்கணும். தோண்டறவன் கொஞ்சம் ஆழமா போனா வாட்டர் ஜாக்கெட்ல (ஹெட்டுக்குள்ள தண்ணி ஓடற வழி) போய் நிப்பான், அறுபது வருஷ ஹெட்டு குப்பைக்கு. எனக்கே நடந்திருக்கு, ஒரு ஒர்க்ஷாப்ல குடுத்து ஹெட்டு போயே போச்சு, வேற ஹெட்டு கிடைக்க எட்டு மாசம் ஆச்சு. ஈயத்துக்கு பதிலா பெட்ரோல்ல கலக்கற அடிட்டிவ் ஊத்திட்டு போங்கப்பா. பிரிட்டன்ல பழைய கார் கிளப்புகளோட கூட்டமைப்பே சோதனை பண்ணி சிலதுக்கு ஒப்புதல் குடுத்திருக்கு.

அப்புறம் இன்னொன்னு. இந்த வண்டில பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோவ எடுத்துட்டு புது வகை ஆல்டர்நேட்டர் மாத்தப்போறதா கேள்விப்பட்டேன். 63 மினிக்கு டைனமோதான். ஆல்டர்நேட்டர் போட்டா அது 63 மினியே இல்ல.

உட்லண்ட்ஸ்_மினி (இரவு 10:26)
ஆல்டர்நேட்டர் நான் கேக்கல, செல்வம் அண்ணன் ஐடியா. எல்லாமே அவர் ஐடியாதான்.

ஸ்பேனர்_செல்வம் (இரவு 10:44)
ஆமா என் ஐடியாதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜொகூர் போற காஸ்வேல மாட்டிப்பாரு, ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு ரெண்டு மணி நேரம். ஐட்லிங்ல டைனமோ சார்ஜே பண்ணாது. ஹெட்லைட், வைப்பர், எலக்ட்ரிக் ஃபேன் மூணும் பேட்டரிய உறிஞ்சும். மினிக்கு ரேடியேட்டர் பக்கவாட்டுல வீல் பக்கம் பாத்து உக்காந்திருக்கு, முன்னாடி காத்து நேரா படாது, நின்ன எடத்துல கொதிக்கும். மலாக்கா போனப்ப மச்சாப் ரெஸ்ட் ஏரியால யார் வண்டி கொதிச்சுது, யார் போய் தண்ணி ஊத்தினா? டைனமோவ கட்டிக்கிட்டு அழுதவங்க வண்டிதான்.

அடிட்டிவ் விஷயத்துக்கு வரேன். லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர்னு வெச்சா 270 லிட்டர் வேணும். டேங்க் 25 லிட்டர். ஒவ்வொரு தடவையும், ராத்திரி மழைலயும் அர தூக்கத்துலயும், அளந்து ஊத்தணும், பதினோரு தடவை. ஒரு தடவை மறந்தா போச்சு. ஒரு கம்பெனி மருந்து தீந்து இன்னொரு கம்பெனி மருந்த கலந்தா அதுவும் தப்பு, ரசாயனம் வேற வேற. நான் அடிட்டிவே வேணாம்னு சொல்லல, 98ஐ அடிட்டிவ்னு நெனைக்காதீங்கன்னுதான் சொல்றேன். 98ல ஈயம் இல்ல, இல்ல, இல்ல.

ஒரிஜினல்_மட்டும் (இரவு 10:51)
மச்சாப்ல கொதிச்சது ஹோஸ் கிளிப் லூசா இருந்ததால. டைனமோவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அந்த கிளிப்ப மொத நாள் மாட்டிக்குடுத்தது யாருன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். நான் இத்தன நாள் வாய தொறக்கல.

ஸ்பேனர்_செல்வம் (இரவு 10:53)
கிளிப் நான் டைட் பண்ணேன். அதுக்கப்புறம் அத கழட்டி பழைய காலத்து வயர் கிளிப் போட்டது யாரு, "ஒரிஜினல்" வேணும்னு?

பிடோக்_அக்கா (இரவு 10:58)
அய்யோ அந்த மலாக்கா கதைய மறுபடியும் எடுக்காதீங்க. அன்னிக்கு நானும் என் பொண்ணும் ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னோம், ஒருத்தர் கூட ஒரு கோப்பி வாங்கித் தரல, கிளிப் சண்டைதான் போட்டீங்க.

தேக்கா_வாசி (இரவு 11:07)
நான் பைக் காரன், இருந்தாலும் கேக்கறேன். மலேசியால நம்ம வண்டிக்கு 95 ஊத்த விட மாட்டான், 97தான. அப்ப 98 எங்க கிடைக்கும்? தாய்லாந்து போனா பெரும்பாலும் கேசோஹால், ஆல்கஹால் கலந்தது. அந்த வண்டில ஹோஸ் எல்லாம் அந்த காலத்து ரப்பர்தான?

ஸ்பேனர்_செல்வம் (இரவு 11:19)
இவரு கேட்டதுதான் கேள்வி. சிங்கப்பூர் எண்ணெயோட கோலாலம்பூர் வரைக்கும் போனா அதிகம். அப்புறம் 97, ஹாட் யாய் பக்கம் கேசோஹால், பத்து பர்சன்ட் எத்தனால். ரப்பர் ஹோஸ் ஊறி மெத்துன்னு ஆயிடும், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் போகும். ஹோஸ், டயாஃப்ரம், கார்புரேட்டர் ஃப்ளோட் நீடில் எல்லாம் எத்தனால் தாங்கறதா மாத்தியே ஆகணும். இதெல்லாம் வாங்கி வெச்சிட்டேன், என் காசுல. ஹெட்டு மட்டும்தான் பாக்கி. ஹெட்ட தொட விட மாட்டேங்கறாரு, அப்பா கை பட்ட ஹெட்டாம்.

உட்லண்ட்ஸ்_மினி (இரவு 11:34)
அப்பாவ இழுக்காதீங்க அண்ணே.

ஆமா, அப்பா கை பட்டதுதான். அந்த ஹெட்ட அவரே கிரைண்டிங் பேஸ்ட் போட்டு குச்சிய கைல தேச்சு தேச்சு லேப் பண்ணார், வால்வும் சீட்டும் இடைவெளி இல்லாம பொருந்தறதுக்கு. அப்ப எனக்கு பதினோரு வயசு, டார்ச் புடிச்சிட்டு பக்கத்துல நின்னேன். அவரு கடைசி மூணு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தார். அதுக்குத்தான் இந்த வண்டிய எடுத்துட்டு போறேன், வேற நல்ல வண்டி இல்லாம இல்ல. அத கொண்டு போய் மெஷின்ல வெச்சு தோண்டுன்னா எனக்கு மனசு வரல. 98 ஊத்தி 80ல மெதுவா போறேன். நாலு நாள்ல போறத ஆறு நாள்ல போறேன். யாருக்கு என்ன நஷ்டம்?

ஸ்பேனர்_செல்வம் (இரவு 11:52)
உங்கப்பா எனக்கும் பழக்கம்தான் தம்பி. லேப் பண்றது எப்படின்னு அவருக்கு சொல்லிக் குடுத்ததே நான்தான், அது உனக்கு தெரியாது.

80ல போறது நல்லதுதான், நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா 80ல போனாலும் ஈயம் வராது. போறதுக்கு முன்னாடி டாப்பெட் கேப்ப (வால்வ் தண்டுக்கும் அத அமுக்கற ராக்கருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) 0.012 இன்ச்சுல வை, குளிர்ந்த இஞ்சின்ல. ஈப்போல ஒரு தடவ பாரு, ஹாட் யாய்ல ஒரு தடவ பாரு. கேப் குறைஞ்சிருந்தா வால்வ் எறங்குதுன்னு அர்த்தம். டாப்பெட் சத்தம் இல்லாம அமைதியா ஓடுதுன்னு சந்தோஷப்படாத, அமைதியானாதான் பயப்படணும். கேப் சுத்தமா போனா வால்வ் மூடாது, எரிஞ்சு போகும், நடு ரோட்டுல மூணு சிலிண்டர்ல நிப்ப. அப்ப 98 எங்க போச்சுன்னு நான் கேப்பேன்.

உட்லண்ட்ஸ்_மினி (இரவு 11:58)
கேளுங்க. கேப்ப அளக்கற ஃபீலர் கேஜ் எங்கிட்டயும் இருக்கு.

ஒரிஜினல்_மட்டும் (நள்ளிரவு 12:03)
டைனமோ பத்தி இன்னும் யாரும் பதில் சொல்லல.

தேக்கா_வாசி (நள்ளிரவு 12:09)
சிங்கப்பூர விட்டு வெளிய போறப்ப செக்பாயின்ட்ல முக்கால் டேங்க் இருக்கணும்ல, போன தடவ அந்த மினியோட பெட்ரோல் மீட்டர் ஃபுல்லா ஊத்தியும் பாதிலயே நின்னுச்சே, அத சரி பண்ணியாச்சா?

உட்லண்ட்ஸ்_மினி (நள்ளிரவு 12:11)
மீட்டர் செல்வம் அண்ணன்கிட்டதான் இருக்கு. ரெண்டு மாசமா.

ஸ்பேனர்_செல்வம் (நள்ளிரவு 12:14)
மீட்டர்ல கோளாறு இல்ல, டேங்க்ல எண்ணெய் அளவ பாத்து மீட்டருக்கு அனுப்பற செண்டர் யூனிட்தான் போச்சு. அத கழட்ட வண்டி வேணும். ஹெட்டோட சேத்து கொண்டாந்து விடுன்னு ரெண்டு மாசமா நானும்தான் சொல்றேன்.