எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்கக் கட்டுப்படி ஆகவில்லை: எதை முதலில் வாங்குவது?

புதுக்குடித்தனம்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இங்கு வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. கணவர் ஒருவருடைய சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. நேற்று மாலை வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி, மேசை மீதிருந்த ஸ்ட்ராபெரி டப்பாவைப் பார்த்துவிட்டு, "இதையா குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்? பூச்சிமருந்து அதிகம் தங்கும் பழமே இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்குவதற்குள் டப்பாவைக் குப்பையில் கொட்டிவிட்டேன். இரவே கடைக்குப் போய் அரிசி, பருப்பு, பால், முட்டை, வெங்காயம் முதற்கொண்டு எல்லாவற்றையும் ஆர்கானிக் முத்திரை பார்த்து வாங்கி வந்தோம். ரசீதைப் பார்த்த கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இப்படியே வாங்கினால் வாடகைக்கு இடிக்கும். வாங்காவிட்டால் குழந்தைக்கு ஏதேனும் ஆகிவிடுமோ என்று உறக்கம் வரவில்லை. எதை அவசியம் ஆர்கானிக்காக வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை மறுபடியும் கடைக்குப் போக வேண்டும்.

பழைய ஹூஸ்டன்காரன்:

சகோதரி, நான் 1998இல் வந்தபோது முதலில் குடியிருந்த சிற்றூரில் இந்தியக் கடையே கிடையாது. நாங்கள் நான்கு பேர் ஒரே காரில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து, இருபது பவுண்டு அரிசி மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவோம். தயிருக்கு உறை கிடைக்காமல் மிளகாய்க் காம்பைப் போட்டுப் பார்த்த காலம் அது. ஆர்கானிக் என்ற சொல்லையே அன்று நாங்கள் கேட்டதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் முத்திரையே 2002 அக்டோபரில்தான் கடைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த என் இரண்டு பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எல்லாம் வியாபாரம். நிம்மதியாக உறங்குங்கள்.

இரட்டைப்பிள்ளை அம்மா:

மேலே எழுதியவர் சொல்வதைக் கேட்டுப் பாலில் மட்டும் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். நான் நியூஜெர்சியில் இரட்டைக் குழந்தைகளை வளர்க்கிறேன். கையில் காசு இல்லாத மாதத்திலும் பாலை மட்டும் ஆர்கானிக்காகவே வாங்கினேன். பால் பெருகுவதற்காக மாட்டுக்கு ஊசியில் போடும் ஹார்மோனுக்கு இந்த நாட்டில் 1993இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆர்கானிக் பண்ணையில் அதற்கும் இடமில்லை, ஆன்டிபயாடிக் கொடுத்த மாட்டின் பாலுக்கும் இடமில்லை. ஆண்டில் குறைந்தது 120 நாட்கள் மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்க வேண்டும் என்பதும் விதி. பால், பிறகு முட்டை, அதன் பிறகுதான் பழமெல்லாம்.

ஸ்கார்பரோ அக்கா:

தங்கச்சி, பாலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அந்த ஹார்மோனைக் கனடா 1999இலேயே வேண்டாம் என்று மறுத்துவிட்டது. இங்கே சாதாரணப் பாலிலும் அது இல்லை. நான் வந்த முதல் மாரிகாலத்தில், பனிக்குள் இரண்டு பஸ் மாறிப் போய், கையுறைக்குள் விரல் மரத்துப்போக மரக்கறிப் பையைத் தூக்கி வந்தவள். அன்றைக்கு ஒரு டொலர் மிச்சமானாலும் அது பெரிய விடயம். நான் பயப்படுவது பருப்புக்குத்தான். இங்கே விற்கும் மைசூர்ப் பருப்பில் பெரும்பகுதி சஸ்காட்செவான் வயல்களில் விளைவது. அறுவடைக்கு முன் செடி ஒரே சீராகக் காய வேண்டும் என்று களைக்கொல்லி தெளிக்கிற வழக்கம் சில வயல்களில் உண்டு. அந்தப் பருப்பை ஆர்கானிக்காக வாங்குங்கள், பாலை விடுங்கள்.

இரட்டைப்பிள்ளை அம்மா:

அக்கா, கேட்டவர் கனடாவில் இருப்பதாக எங்கே சொன்னார்?

ஸ்கார்பரோ அக்கா:

அமெரிக்காவில் இருப்பதாகவும் சொல்லவில்லையே, பிள்ளை.

ஹாம்பர்க் வாசி:

ஜெர்மனியாக இருந்தால் இவ்வளவு கவலையே தேவையில்லை. ஆர்கானிக்கை இங்கே பயோ என்பார்கள்; மலிவு விலைச் சங்கிலிக் கடைகளிலேயே பயோ கேரட், பயோ பால், பயோ ஓட்ஸ் எல்லாம் கிடைக்கும். பச்சை இலை முத்திரையைப் பார்த்து எடுத்தால் போதும். முட்டையின் ஓட்டில் அச்சிட்டிருக்கும் எண் 0 என்று தொடங்கினால் அது பயோ. 3 என்றால் கூண்டுக்கோழி. எனக்கு இது தெரிய எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதமும் முட்டை என்னவோ அதே முட்டையாகத்தான் இருந்தது.

ரசப்பொடி:

நான் வேறொன்று சொல்கிறேன். ஆர்கானிக் என்று மூன்று மடங்கு விலை கொடுத்துத் தக்காளி வாங்கினேன். அது பெரு நாட்டிலிருந்தோ எங்கிருந்தோ கப்பலேறி, பிளாஸ்டிக் தொட்டிலில் படுத்து வந்திருந்தது. ரசம் வைத்தால் புளிப்பும் இல்லை, மணமும் இல்லை. புளியைத்தான் இரட்டிப்பாகக் கரைத்து ஊற்ற வேண்டியிருந்தது. ஊரில் உழவர் சந்தையில் வாங்கிய நாட்டுத் தக்காளிக்கு யார் முத்திரை குத்தினார்கள்?

பழைய ஹூஸ்டன்காரன்:

நன்றாகக் கேட்டீர்கள். கறிவேப்பிலை கதை இன்னும் மோசம். அம்மா தன் கையால் உருவி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்ததை விமான நிலையத்தில் என் கண்ணெதிரே தொட்டியில் போட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையில் ஒட்டிக்கொண்டு வருமாம். கடையில் ஐந்து ஈர்க்குக்கு இரண்டு டாலர் கொடுக்கும்போதெல்லாம் அந்தத் துணிதான் நினைவுக்கு வருகிறது.

கணக்குப்பிள்ளை:

ஊர்க் கறிவேப்பிலைக்கு எல்லோரும் சேர்ந்து இன்னொரு நாள் அழலாம். அந்தப் பெண் சனிக்கிழமை கடைக்குப் போக வேண்டும் என்கிறார். அம்மா, மூன்று விவரங்களைச் சொல்லுங்கள்: எந்த நாடு, குழந்தைக்கு எத்தனை மாதம், வீட்டில் அசைவம் உண்டா?

புதுக்குடித்தனம்:

மன்னியுங்கள், பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். டெக்சாஸ், டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். மகளுக்குப் பதினொரு மாதம். முட்டை உண்டு, வேறு அசைவம் இல்லை. காலையும் மாலையும் அவளுக்குப் பருப்புச் சாதம் அல்லது தயிர்ச் சாதம். நேற்றிலிருந்து அந்த ஆர்கானிக் பாலைக் காய்ச்சிப் புட்டியில் கொடுத்து வருகிறேன்.

கணக்குப்பிள்ளை:

நல்லவேளை, கேட்டேன். பாலைப் பற்றி மேலே நடந்த வழக்கு முழுவதும் உங்கள் மகளுக்கு இன்றைக்குப் பொருந்தாது. ஒரு வயது நிறையும் வரை பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதில்லை என்பதே இங்குள்ள குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அது ஆர்கானிக்கா இல்லையா என்பது அடுத்த கேள்வி. அதுவரை தாய்ப்பாலோ ஃபார்முலாவோ தொடரட்டும், தயிர் கொடுக்கலாம். இரட்டைப்பிள்ளை அம்மா சொன்னது அமெரிக்காவுக்குச் சரி, அக்கா சொன்னது கனடாவுக்குச் சரி. அடுத்த மாதத்திலிருந்து பால் வாங்கும்போது ஆர்கானிக்கை எடுக்கலாம். இயலாவிட்டால் ஆர்பிஎஸ்டி (அந்த ஹார்மோனின் பெயர்) போடாத மாட்டின் பால் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை எடுங்கள், ஹார்மோன் கவலை அதிலேயே தீர்ந்துவிடும். தேனும் ஒரு வயதுக்கு முன் கூடாது, எந்த முத்திரை குத்தியிருந்தாலும்.

உங்கள் அண்டை வீட்டார் சொன்னது, என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் டர்ட்டி டஜன் பட்டியலிலிருந்து, அதாவது பூச்சிமருந்து எச்சம் அதிகமுள்ள பன்னிரண்டு காய்கனிகளின் பட்டியலிலிருந்து வந்தது. ஸ்ட்ராபெரி அதில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்ததும் உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான வேளாண் துறைப் பரிசோதனையில், நாம் வீட்டில் செய்வதுபோலக் கழுவிய பிறகு சோதித்த மாதிரிகளில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவை அரசு அனுமதித்த வரம்புக்கு உட்பட்டே இருந்து வருகின்றன என்பதை யாரும் படியேறி வந்து சொல்வதில்லை. 2025க்கு முன்பு வரை, எத்தனை விதமான எச்சம், எவ்வளவு எச்சம் என்று பட்டியல் எண்ணியதே தவிர, அந்த அளவு உடம்புக்கு என்ன செய்யும் என்று சொன்னதில்லை. அதைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். கையிலுள்ள காசை எங்கே போடுவது என்பதற்கு வரிசையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொட்டிய ஸ்ட்ராபெரியைக் கழுவிக் கொடுத்திருக்கலாம்.

அந்த வரிசைப்படி, தோலோடு தின்பதும் மகள் அன்றாடம் தின்பதும் எதுவோ அதுவே முதலில் வர வேண்டும். ஸ்ட்ராபெரி, திராட்சை, ஆப்பிள், பசலைக்கீரை ஆகியவற்றை முடிந்தபோது ஆர்கானிக்காக வாங்குங்கள். உறைய வைத்த ஆர்கானிக் ஸ்ட்ராபெரியும் கீரையும் பெரும்பாலும் புதியதைவிட மலிவாக இருக்கும், அழுகியும் போகாது. திராட்சையை மட்டும் நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள். வெங்காயம், முட்டைக்கோஸ், அவகாடோ, பப்பாளி, மாம்பழம், அன்னாசி, தர்பூசணி, உறைந்த பட்டாணி இவற்றில் எச்சம் மிகக் குறைவு. இவற்றுக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வாழைப்பழத்தின் தோலை உரித்துவிடுகிறோம், விட்டுவிடலாம். உருளைக்கிழங்கு கிடங்கில் முளைவிடாமல் இருக்க மருந்து போடுகிறார்கள். தோலைச் சீவினால் பெரும்பகுதி போய்விடும். ஓட்ஸ் விஷயத்தில் அக்கா பருப்புக்குச் சொன்ன அதே களைக்கொல்லிக் கவலை உண்டு. ஆனால் ஆர்கானிக் ஓட்ஸுக்கும் சாதாரண ஓட்ஸுக்கும் விலை வித்தியாசம் சொற்பம், ஆகையால் அதை யோசிக்காமல் எடுங்கள். மைசூர்ப் பருப்புக்கும் அதையே சொல்வேன். துவரம்பருப்பு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் ஏமாறாமல் இருக்க இரண்டு அடையாளங்கள் போதும். பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் எண் 9இல் தொடங்கி ஐந்து இலக்கமாக இருந்தால் ஆர்கானிக். நான்கு இலக்கம் என்றால் சாதாரணம். டப்பாவில் வட்ட முத்திரை இருந்தால் 95 சதவீதமாவது ஆர்கானிக்; ஆர்கானிக் பொருட்கள் கொண்டு செய்தது என்று எழுத்தில் மட்டும் இருந்தால் 70 சதவீதமே கட்டாயம். நேச்சுரல் என்ற சொல்லைப் பார்த்துக் காசைக் கொடுக்காதீர்கள். பூச்சிமருந்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. காஸ்ட்கோ, ஆல்டி போன்ற கடைகளின் சொந்தப் பெயரில் வரும் ஆர்கானிக் பொருட்களுக்கும் அதே முத்திரைதான், அதே விதிதான்.

எதை வாங்கினாலும் ஓடும் தண்ணீரில் அரை நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு கூடாது. ஆர்கானிக் பண்ணையிலும் அனுமதிக்கப்பட்ட சில மருந்துகளைத் தெளிக்கிறார்கள், அதையும் கழுவத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று அரிசி. உங்கள் மகள் இரண்டு வேளை தின்பது அதுதான். அதில் சேரும் ஆர்செனிக் என்ற நச்சுக்கும் ஆர்கானிக் முத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. நெற்பயிர் அதை மண்ணிலிருந்தும் தேங்கிய நீரிலிருந்தும் உறிஞ்சுகிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பழைய பருத்தி வயல்களில் ஒரு காலத்தில் ஆர்செனிக் மருந்தே தெளித்தார்கள். அந்த மண்ணில் விளையும் அரிசியில் அது கூடுதல், இந்திய பாஸ்மதியில் பொதுவாகக் குறைவு. தவிட்டோடு இருக்கும் பழுப்பு அரிசியில் வெள்ளை அரிசியைவிட அதிகம். எனவே ஆர்கானிக் அரிசிக்குக் கொடுத்த காசு, ஆர்செனிக்கைப் பொறுத்தவரை, வீண். குக்கரை ஒதுக்கிவைத்து, ஒரு பங்கு அரிசிக்கு ஆறு முதல் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு, நம் பாட்டிமார் செய்ததுபோலக் கஞ்சி வடியுங்கள். அவ்வாறு வடித்தால், அரிசி வகையைப் பொறுத்து, 40 முதல் 60 சதவீதம் வரை குறையும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்கிறது. சத்து சேர்த்து விற்கும் அமெரிக்க அரிசியானால் அந்தச் சத்தும் பெருமளவு வடிந்துபோகும். ஒரு வேளைச் சாதத்துக்குப் பதில் ஓட்ஸ் கஞ்சியோ கேழ்வரகுக் கூழோ கொடுத்து ஈடு செய்யலாம்.

ஸ்கார்பரோ அக்கா:

ஓட்ஸையும் பருப்பையும் ஒத்துக்கொண்டதற்கு நன்றி. தங்கச்சி, கொத்தமல்லியைச் சன்னலோரம் ஒரு சட்டியில் போட்டுவிடுங்கள். எந்த முத்திரையும் தேவையில்லை.

பழைய ஹூஸ்டன்காரன்:

கறிவேப்பிலைக் கன்று வேண்டுமானால் உள்ளூர் நர்சரியில் வாங்குங்கள். பக்கத்து மாநிலத்திலிருந்து காரில் கொண்டு வருவதற்கும் தடை இருக்கக்கூடும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

புதுக்குடித்தனம்:

எல்லோருக்கும் நன்றி. புட்டிப் பாலை நிறுத்திவிட்டேன். மீதியைத் தயிருக்கு உறை ஊற்றிவிட்டேன். சனிக்கிழமைப் பட்டியலில் ஆர்கானிக் என்று ஆறு பொருட்கள்தான் இருந்தன; கணவர் ரசீதைச் சத்தம் போட்டுப் படித்தார். வடிதட்டு இல்லாததால் நூடுல்ஸ் வடிகட்டியை வைத்து இன்று முதன்முறையாகச் சாதம் வடித்தேன். பாதிக் கஞ்சி அடுப்பெங்கும் ஊற்றிக்கொண்டது. மீதிக் கஞ்சியில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடிக்கலாம் என்று கணவர் டம்ளரோடு நிற்கிறார். கொடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:

டம்ளரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். வடித்ததே அதைக் கொட்டுவதற்குத்தான். மனம் வராவிட்டால் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுங்கள்.