மாமல்லபுரத்திலிருந்து டர்பனுக்குக் கருங்கல் சிலை: சுங்கத்துக்கு என்னென்ன வேண்டும்?

சாட்ஸ்வொர்த் கோயில் குழு:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்காக மாமல்லபுரத்தில் நாலடி முருகன், வள்ளி, தெய்வானை சிலைகளும், சுவாமிமலையில் இரண்டடி உற்சவரும் தயார். சென்னையிலிருந்து எல்.சி.எல்.லாக (மற்றவர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில்) வரும். "மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து அனுப்புகிறேன், இன்வாய்ஸில் அன்பளிப்பு, மதிப்பில்லை என்று போடலாம்" என்கிறார் சிற்பி. பூஜைச் சாமானையும் அதே பெட்டியில் வைக்கலாமா? கோயிலுக்கு வரிவிலக்கு உண்டு, வாட் வருமா?

டர்பன் கிளியரிங்:
வணக்கம் ஐயா. வைக்கோல், "மதிப்பில்லை" இரண்டுமே வேண்டாம். வைக்கோல் தாவரப் பொருள், வேளாண் துறை ஆய்வுக்குப் பெட்டியை நிறுத்தும். நுரை ரப்பரும் பழைய கம்பளியும் போதும்.

காசு கொடுக்காவிட்டாலும் சுங்கத்துக்கு மதிப்பு காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரி, சுங்கத் துறை) அதிகாரி வேறு முறையில் மதிப்பிடுவார், அதற்குள் கிடங்கு வாடகை ஏறும். இங்கே மதிப்பு எஃப்.ஓ.பி. அடிப்படை, அதாவது கப்பலில் ஏற்றும் வரையான விலை. அதனால் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் தனி வரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வருமான வரிவிலக்கு வேறு, இறக்குமதி வாட் வேறு. கணக்கு இப்படி: எஃப்.ஓ.பி. 80,000 ராண்ட் என்றால் அதோடு 10% (8,000), அதோடு சுங்கத் தீர்வை, மொத்தத்தில் 15% வாட். தீர்வையே இல்லையென்று வைத்தாலும் 13,200 ராண்ட். கோயில் வாட் பதிவு பெற்றிருந்தால்தான் திரும்பக் கேட்கும் பேச்சே எழும்.

வகைப்பாட்டில் சண்டை வரும் இடம் ஒன்று. கலைப்படைப்பு என்று 9703 என்ற சுங்கப் பட்டியல் எண்ணில் போட ஆசை வரும். ஆனால் வணிகத்துக்காகச் செய்யும் மரபுக் கைவினை அதில் சேராது. கருங்கல் சிலை 6802.93, வெண்கல உற்சவர் 8306.29. "புதிதாகச் செய்தது" என்று இன்வாய்ஸில் எழுதட்டும். பழைய பொருளென்று தோன்றினால் ஐடாக் (தென்னாப்பிரிக்கப் பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையம்) இறக்குமதி அனுமதி கேட்பார்கள்.

சென்னை ஏற்றுமதி:
இந்தியப் பக்கம் பலர் மறக்கிற தாள், இந்தியத் தொல்லியல் துறையின் "தொல்பொருள் அல்ல" சான்று. 1972 சட்டப்படி நூறாண்டைத் தாண்டிய சிலை வெளியே போகக்கூடாது. புதுச் சிலை என்று நிரூபிக்க ஒவ்வொன்றுக்கும் படம், அளவு கொடுத்து அதிகாரியை நேரில் பார்க்க வைக்க வேண்டும். பெட்டிக்கு ஆணி அடித்த பிறகு இதைத் தொடங்கினால் பிரிப்பது உங்கள் செலவு.

கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. ஒவ்வொரு பெட்டியிலும் மொத்த எடையும் தூக்கும் இடமும் பெயின்டால் எழுதியிருக்கட்டும். டிப்போவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் அதைத்தான் பார்ப்பார்.

பூஜைச் சாமானில் கற்பூரம் முதலில் வெளியே. அது எரியும் திடப்பொருள், அபாயச் சரக்கு வகுப்பு 4.1, ஐ.நா. அபாயச் சரக்கு எண் 2717. அறிவிக்காமல் சிலையோடு வைத்தால் பெட்டி முழுதும் மாட்டும். தர்ப்பை, தேங்காய், காய்ந்த மாவிலை எல்லாம் தாவரப் பொருள், டர்பனிலேயே வாங்குங்கள். மயிலிறகு இந்தியாவை விட்டே போகாது.

சாட்ஸ்வொர்த் கோயில் குழு:
நன்றி. பெட்டி ஒட்டுப்பலகைதான். பூச்சி ஒழிப்புப் புகை முத்திரை தேவையில்லை என்கிறார் தச்சர். சரியா?

டர்பன் கிளியரிங்:
பலகைக்குத் தேவையில்லை, அது சரி. ஆனால் அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழைய வைத்த கட்டைகளும் உள்ளே சிலையை நிறுத்தும் சட்டங்களும் ஒட்டுப்பலகை அல்லாத முழு மரம்தானே? அவற்றுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பெட்டிகளுக்கான சர்வதேசப் பூச்சித் தடுப்பு விதி) கட்டாயம். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாகியிருக்க வேண்டும். முத்திரையில் "ஐஎன்" நாட்டுக் குறியும் சூடாக்கியதைக் காட்டும் "எச்டி"யும் இருக்கும். எதிரெதிர் இரண்டு பக்கத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பட்டை ஒட்டிய கட்டையைத் தள்ளிவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் கோயில் குழு:
கோயிலுக்கு இறக்குமதியாளர் எண் இல்லை. கப்பல் வந்ததும் எடுத்தால் போதுமா?

டர்பன் கிளியரிங்:
வேண்டாம் ஐயா, சிலை சென்னையை விட்டுக் கிளம்பும் முன்பே. பதிவு விண்ணப்பம், சார்ஸிடம். கோயில் சாசனத்தில் என்ன பெயரோ அதே பெயர் பதிவிலும் இன்வாய்ஸிலும் பில் ஆஃப் லேடிங்கிலும் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) எழுத்து பிசகாமல் வரட்டும். "ஆலயம்", "சங்கம்" என்று ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி இருந்தால் பில்லைத் திருத்தச் சொல்லி சென்னைக்குத் திருப்புவார்கள். பில் வரைவை அச்சாகும் முன் வாங்கிப் பாருங்கள்.