நீலகிரித் தைலம் மணத்த பீர்

ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பொங்கலுக்கு வந்தபோது துண்டில் சுற்றி இரண்டு பாட்டில் பேல் ஏல் என்கிற பீர் கொண்டுவந்தார். ஏதோ சின்ன ஆலையில் வடித்தது. அரை லிட்டர், ஆல்கஹால் 5 சதவீதம். பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவோடு ஹெதர் பூவும், பாக் மிர்ட்டில் என்கிற சதுப்புநிலச் செடியின் இலையும் சேர்த்திருப்பதாக லேபிளில் இருந்தது. படத்தில் ஹெதர், நாம் காப்புக் கட்டுகிற பூளைப்பூவை ஊதாச் சாயத்தில் முக்கினாற்போல் இருந்தது. ஹாப்ஸ் பரவுவதற்கு முன்னால் வட ஐரோப்பாவில் பீருக்கு வாசமும் கசப்பும் இந்த மாதிரித் தழைகள்தான் தந்தன.

காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்தோம். பழக்கதோஷத்தில் முதல் பாட்டிலை ஃப்ரீசரில் போட்டுவிட்டேன். ஊற்றினால் மணமே இல்லை. பார்லித் தண்ணியில் வேப்பங்கொழுந்தைக் கசக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

"இதுக்குத்தானா ஏரோப்ளேன்ல தூக்கிட்டு வந்தீங்க?" என்றேன்.

கட்டிலில் இருந்த அப்பாரு டம்ளரை வாங்கினார். குடிக்கவில்லை. இரண்டு கைக்குள்ளும் பொத்தி ஐந்து நிமிஷம் வைத்திருந்தார். அப்புறம் மோந்து பார்த்து, "தைல வாசமடிக்குது சாமி" என்றார்.

வாங்கி மோந்தேன். சளிக்கு நெஞ்சில் தேய்க்கிற அதே நீலகிரித் தைலம், கூடவே லேசாகப் பிரிஞ்சி இலை. பிறகு தேடிப் பார்த்தேன்: தைலத்தில் இருக்கும் சினியோல் என்கிற வாசப்பொருள் பாக் மிர்ட்டில் எண்ணெயிலும் உண்டு. ஹெதர் பூ மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தேன் மாதிரி இருக்கும் என்றார் மாப்பிள்ளை, சரி என்றேன்.

இரண்டாவதை ஈரத்துணி சுற்றிப் பானை ஓரமாக வைத்தோம். அடியில் ஈஸ்ட் மண்டி. நான் குலுக்கப் போக, அப்பாரு கையைப் பிடித்துக்கொண்டார். "கள்ளு மண்டிய ஆட்டுவாங்களா? மேல தெளிஞ்சத வாரு."

இது புளிக்காமல் இருக்க என்ன போடுகிறார்கள் என்று கேட்டார். ஹாப்ஸ் என்றேன். "தெளுவுக் கலயத்துல சுண்ணாம்பு தடவற மாதிரியா?" (தெளுவு என்றால் பதனீர்.) கிட்டத்தட்ட. ஆனால் சுண்ணாம்பு ஈஸ்ட்டையே தலைதூக்க விடாது. ஹாப்ஸ் ஈஸ்ட்டை விட்டுவிட்டு, புளிக்க வைக்கிற பாக்டீரியாவைத்தான் பெரும்பாலும் அடக்கும். "அப்ப ஆள் பாத்து அடிக்குது" என்றார்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்:
1987-ல் இங்கே கள்ளை நிறுத்தியதிலிருந்து எங்கள் பெரியவர்களுக்குக் கேரளத்துச் சித்தூர்ப் பக்கம்தான் போக்கிடம். நான் பெங்களூரில் கொத்துமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட பீர் ஒன்றைக் குடித்தேன். ரசம் மாதிரி இருக்குமோ என்று பயந்தேன், தோல்தான் தூக்கலாக இருந்தது. அதையும் ஜில்லென்று குடித்துத்தான் கெடுத்திருக்கிறேன் போல. பாட்டில் ஏதும் மிச்சம் இருக்குதுங்களா?

மறுபடி நான்:
இல்லீங்க. காலி பாட்டில்கூட இல்லை. அப்பாரு கழுவிக் கவிழ்த்து, விளக்கெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டார்.