ஊர்ப் பெரியவர்களுக்கு வேண்டியது மாத்திரையா, பேச்சுத்துணையா?

மேட்டுநிலம்:
எழுபது வயதில் தூக்கம் குறையும், எரிச்சல் வரும். அதற்கெல்லாம் மனநோய் என்று பெயர் வைத்து மாத்திரை நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் வெளியூரில், வேலை பார்க்க உடம்பில் தெம்பில்லை. உட்கார்ந்து பேச ஆள் கிடைத்தாலே பாதி சரியாகும்.

செவிலி72:
"வயசானா அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லித்தான் ஆளை விட்டுவிடுகிறோம், ஐயா. மனசு சரியில்லை என்று ஊரில் யார் வந்து சொல்கிறார்கள்? நெஞ்சு எரியுது, கால் குடையுது, ராத்திரி பூரா புரண்டு படுக்கிறேன் என்றுதான் வருவார்கள். தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடுவோம். அந்த மயக்கத்தில் ஒன்றுக்குப் போக எழுந்து, விழுந்து, இடுப்பு முறிந்தால் அதையும் வயசின் தலையில் கட்டுவோம். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1980களில் வந்த 'முதியோர் மனச்சோர்வு அளவுகோல்' என்ற கேள்விப்பட்டியலில் தூக்கம், பசி பற்றிய கேள்வியே கிடையாது. உடல்நோயிலும் அவை கெடும் என்பதால் விட்டுவிட்டார்கள். சுருக்க வடிவத்தில் 15 கேள்விகள், எல்லாம் ஆம் அல்லது இல்லை. படிக்கத் தெரியாதவரிடமும் வாயால் கேட்கலாம்.

மேட்டுநிலம்:
கேட்டுவிட்டு? மனநல மருத்துவர் எந்தக் கிராமத்தில் இருக்கிறார்? ஜிம்பாப்வேயில் 2006லேயே பாட்டிமார்களை பெஞ்சில் உட்காரவைத்துப் பேசியே சாதித்தார்கள்.

செவிலி72:
அது தொடங்கியது ஹராரே நகரத்தில். பாட்டிமார் அங்கே நோயாளிகள் இல்லை, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். சும்மா ஊர்க்கதை பேசவில்லை.

வரப்போரம்:
நடுவில் வருகிறேன். கோவாவில் 60 வயது தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வு 2019ல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் பேசினார்கள். கூடவே தூக்கப் பழக்கம், சர்க்கரை, மூட்டுவலியைக் கவனிக்கவும் உதவித்திட்டங்களைப் பெறவும் வழிகாட்டினார்கள். ஓராண்டில் முழு மனச்சோர்வுக்குப் போனவர்கள், இந்த உதவி கிடைத்த பிரிவில் மற்றப் பிரிவைவிட வெகுவாகக் குறைவு.

மேட்டுநிலம்:
நான் சொன்னதுதானே!

செவிலி72:
கோவா ஆய்வில் இருந்தவர்கள் லேசான அறிகுறி மட்டும் உள்ளவர்கள், ஐயா. சாப்பாடு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டவருக்கு அது போதாது. மனச்சோர்வு மாத்திரையும் வேலைசெய்யச் சில வாரமாகும். அதுவரை வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்திருக்க வேண்டும்.

மேட்டுநிலம்:
பூட்டுக்குச் சம்மதம். எழுதிக்கொடுத்த டாக்டர் திரும்பியே பார்க்காத ஊரில் அந்த மாத்திரையை யார் கூட்டுவது, யார் குறைப்பது? அதற்குப் பதில் சொல்லுங்கள்.